முடிவெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உண்மையான சுதந்திரமும் பொறுப்பும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதில் பேசுவது மிகச் சுலபம், அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பள்ளியிலும் யாராவது ஒருவர் எழுந்து, சுதந்திரம் என்றால் நினைத்ததைச் செய்வது இல்லை, அது பொறுப்போடு சேர்ந்து வருவது என்று சொல்லிவிட்டு உட்காருவார். பிள்ளைகள் மிட்டாயை நினைத்துக்கொண்டே கைதட்டுவார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நம் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். முதலாளி தொழிலாளியைப் பார்த்துச் சொல்கிறார். தகப்பன் கல்லூரிக்குப் போகிற மகளைப் பார்த்துச் சொல்கிறார். மனுக் கொடுக்க வந்தவரைப் பார்த்து அதிகாரி சொல்கிறார். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்து, “உங்களுக்குச் சுதந்திரம் அதிகம், பொறுப்பாக இருங்கள்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், தனிமனித சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற நூலை 1859-இல் வெளியிட்டார். அடுத்தவருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் வாழ்க்கையில் அரசுக்கோ சமூகத்துக்கோ தலையிட உரிமை இல்லை என்பது அதன் சாரம். கல்லூரிகளில் இன்றும் இதைப் பாடமாக வைக்கிறார்கள், வைக்க வேண்டியதுதான். அதே நூலின் தொடக்கத்திலேயே அவர் ஒரு விலக்கு வைத்திருக்கிறார். இந்தக் கொள்கை அறிவு முதிர்ந்தவர்களுக்குத்தான். குழந்தைகளுக்குப் பொருந்தாது, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது. அவர்களை முன்னேற்றுவது நோக்கம் என்றால் சர்வாதிகாரமே நியாயமான ஆட்சிமுறை என்கிறார். மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த விலக்குக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பொறுப்பு வரட்டும், பிறகு சுதந்திரம் தருகிறோம் என்ற அந்த வாதம் லண்டன் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை, நம் பக்கத்துக்கும் வந்தது. இது உசிலம்பட்டி வட்டாரத்திலேயே நடந்த கதை. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு பிறமலைக் கள்ளர் சமூகத்து ஆண்களை ஒட்டுமொத்தமாகப் பதிவு செய்தார்கள். கைரேகை எடுத்தார்கள். இரவில் காவலர் முன் ஆஜராகிப் படுக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதென்றால் கையில் சீட்டு வேண்டும். திருடியவன் யார், திருடாதவன் யார் என்ற கேள்வியே கிடையாது; அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த ஊரின் நினைவுத்தூணில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘இவர்கள் பொறுப்பில்லாதவர்கள்’ என்ற ஒரே ஒரு மதிப்பீடு, ஒரு சமூகத்தின் இரவுகளைக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிடுங்கி வைத்துக்கொண்டது.

வெள்ளைக்காரன் செய்ததுதானே என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம் அரசமைப்புச் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1950-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது இல்லை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்த்தார்கள். 1976 என்ன ஆண்டு என்று இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. உரிமைகளையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிய அதே வேளையில்தான் கடமைகளின் பட்டியலை வெளியே ஒட்டினார்கள். அந்தப் பட்டியலில் காடுகளைக் காக்க வேண்டும் என்ற நல்ல வரி ஒன்றும் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது பிறந்த நேரத்தை மறக்க மாட்டேன்.

இதை எல்லாம் சொல்வதால் பொறுப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், விடுதலை வந்துவிட்டதால் இனி எது கெட்டாலும் ஆங்கிலேயரைக் குறை சொல்லும் சாக்கு நமக்கு இல்லை என்று எச்சரித்தார். நான் பார்த்தவரையில் சுதந்திரம், பொறுப்பு இரண்டையும் பற்றி நேர்மையாகச் சொல்லப்பட்ட பேச்சு அது. ஏனென்றால் அவர் அதை அதிகாரத்துக்கு வரப்போகிறவர்களைப் பார்த்துச் சொன்னார். முடிவு எடுக்கும் உரிமை யாருக்குக் கைமாறுகிறதோ, அதன் விளைவுக்குப் பதில் சொல்லும் கடனும் அவர்களுக்கே போகிறது என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். ஓர் இடத்தில் சுதந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, முடிவெடுப்பவர் யார், விளைவைச் சுமப்பவர் யார் என்று இரண்டு கேள்வி கேட்பேன். இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக வந்தால் அங்கே சுதந்திரமும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. வேறு வேறு ஆட்கள் வந்தால் இரண்டும் இல்லை, எத்தனை முறை கொடியேற்றினாலும். இந்த அளவுகோலோடு நம் மலைக்குப் போய்ப் பார்ப்போம்.

விடிவதற்கு முன்னாலேயே போடியிலும் சுற்று ஊர்களிலும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லை கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள். தோட்டத்தில் ஏலச்செடியின் தூரிலிருந்து சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும், விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் ஸ்டோரில் உலரும்போது சுருங்கிவிடும், கணக்குப்பிள்ளை முகம் சுருங்கும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பச்சைக்காய் ஐந்து கிலோ எடுத்தால் உலர்ந்த காய் ஒரு கிலோ தேறும். சாயங்காலம் அதே வளைவுகளில் இறக்கம்.

இந்தப் பெண்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதா? காகிதத்தில் நிறைய இருக்கிறது. கங்காணி முன்பணம் கொடுத்து மலையில் கட்டிப்போட்ட காலம் மாதிரி இல்லை. இன்று இந்தத் தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம். பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாம். சரி. ஆனால் ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவது என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. ஆள் கூடக் கூட வண்டிக்காரருக்கு வரும்படி, தோட்டத்துக்கும் ஆள் செலவு சிக்கனம். அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒரு பெண் இறங்கி நின்றால் அன்றைய கூலி போச்சு, மறுநாள் அந்த வண்டியில் அவளுக்கு இடம் இருக்குமா என்பதும் சந்தேகம். வளைவில் வண்டி கவிழ்ந்த செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க்கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வியைக் கவனித்திருக்கிறீர்களா? “அவ்வளவு கூட்டத்தில் ஏன் ஏறினார்கள்?” என்பதுதான். முடிவெடுக்காதவரிடம் பொறுப்பு கேட்கிறோம். முடிவெடுத்தவர் பெயரை யாரும் விசாரிப்பதில்லை.

எல்லை மூடினாலும் இதே கதைதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது, இடுக்கியின் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய்க் காட்டு வழியே நடந்து இறங்கினார்கள். 2020-இல் தொற்றுநோய்க்காகப் பாதையை அடைத்தார்கள். இரண்டு முறையும் முடிவு எடுத்தவர்கள் எங்கேயோ இருந்தார்கள், அடுப்பு அணைந்தது இங்கே. லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018-இல் வந்தது. இந்த மலைப்பாதைகளில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றிய படம். பார்க்காத மாணவர்கள் பார்த்துவிடுங்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசையை அது காட்டுவதைவிடச் சுதந்திரத்துக்கு நல்ல விளக்கம் எந்தத் தத்துவ நூலிலும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முன்வரிசையில் இருக்கும் ஏலத்தோட்ட விவசாயிகள் கொஞ்சம் நெளிவது தெரிகிறது. உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன்.

விவசாயியின் சுதந்திரம் என்ன லட்சணத்தில் இருக்கிறது? இடுக்கியில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தம் தோட்டத்திலேயே நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி ஞல்லானி ரகத்தைக் கொண்டுவந்தார். இன்று மலையில் அந்த ரகம்தான் பெரும்பங்கு. ஆராய்ச்சி நிலையத்தின் உத்தரவு இல்லாமல் ஒரு விவசாயி தம் கண்ணையும் கையையும் நம்பி எடுத்த முடிவு அது. சுதந்திரம் என்றால் அதுதான் என்று தோன்றுகிறது. விளைச்சல் பல மடங்கு ஏறியது. ஆனால் அதிகம் காய்க்கும் செடி அதிகம் கேட்கும். உரம் கேட்கும், வெளிச்சம் கேட்கும், மருந்து கேட்கும். இலைப்பேனுக்கு ஒன்று, தண்டுத்துளைப்பானுக்கு ஒன்று, அழுகலுக்கு ஒன்று என்று அடி அடியென்று அடிக்கிறோம். நாட்டிலேயே அதிகமாகப் பூச்சிமருந்து குடிக்கும் பயிர்களில் ஏலம் ஒன்று என்பது இங்கே யாருக்கும் ரகசியம் இல்லை.

2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டே ஆண்டில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி ஆடுகிற விலையில், ஒரு சுற்று மருந்தை விட்டுவிடுங்கள் என்று விவசாயியிடம் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பறிப்புக்கு முன் இத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று புட்டியில் எழுதியிருக்கிறது. எழுதியதைப் படிக்க நேரமில்லாத அளவுக்கு அவரைக் கடன் துரத்துகிறது.

அந்தக் காய் எங்கே போகிறது என்று பாருங்கள். தோட்டத்தில் இருக்கும்வரை அதற்கு ஓர் ஊரும் பேரும் உண்டு. ஏலத்துக்கு வரும்போது லாட் எண் ஆகிறது. கொள்முதல் செய்தவர் கிடங்கில், இங்கே போடியில்தான், பல தோட்டத்துக் காயையும் ஒன்றாகக் கொட்டி, ஏழு மில்லி, எட்டு மில்லி என்று அளவு பார்த்துச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தக் காய் எவருடையது என்று கடவுளுக்கே தெரியாது. கடவுள் என்று சும்மா சொல்லவில்லை. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனை காட்டியது. விற்பனையை நிறுத்தச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் கிடங்கில் முடங்கின. அந்தத் தீர்ப்பை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்றாலும், அதற்குள் பாயசத்தின் ஆயுள் முடிந்திருந்தது. அந்தக் காயை விளைவித்தவர் யார்? மருந்தடித்தவர் யார்? விற்ற கடைக்காரர் யார்? பதில் சொல்ல ஒருவரும் அகப்படாத ஒரு சங்கிலியை நாமே கட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மருந்துக் குழாயைப் பிடித்து நிற்கும் கூலியாளைப் பற்றி எந்த வழக்கிலும் யாரும் வாதாடவில்லை.

நிலத்தின் கதை இதைவிடச் சிக்கல், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏலமலைக் காடுகளில் மண் கேரள வருவாய்த்துறையின் பொறுப்பு, மரம் வனத்துறையின் பொறுப்பு, செடி விவசாயியின் பொறுப்பு. 1897-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் அரசாணைப்படி காப்பு நிலம் 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டா தொங்குகிறது. 2024 அக்டோபரில் புதிய பட்டா கொடுப்பதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும், மரம் தன்னுடையது இல்லை. தன்னுடையது இல்லாத மரத்தை ஒருவர் எவ்வளவு நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்? பட்டா கொடுத்தால் காடு பிழைக்கும் என்று சொல்லிவிடவும் எனக்குத் தைரியம் இல்லை. பட்டா வந்த இடங்களில் எழும்பிய ரிசார்ட்டுகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் உரிமையை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் அக்கறை மூன்றாகப் பெருகாது என்பது மட்டும் உறுதி.

இப்போது குரங்கணிக் காட்டுத்தீ. போடியில் நின்றுகொண்டு இந்தத் தலைப்பில் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு. முப்பத்தைந்து பேருக்கு மேல். பெண்கள் நாளை ஒட்டி வந்த இளம்பெண்கள் நிறையப் பேர். குரங்கணி வழியாக ஏறிக் கொழுக்குமலையில் தங்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது, வெயிலில் காய்ந்து நின்ற ஆளுயரப் புல்லில் தீ பிடித்து, காற்றோடு ஏறி வந்து வளைத்துக்கொண்டது. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். மற்றவர்கள் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராக. மொத்தம் 23 உயிர்கள்.

உடனே பொறுப்பைத் தேடும் வேலை தொடங்கியது. அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான், கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்றது வனத்துறை. சோதனைச்சாவடியில் சீட்டு வாங்கித்தானே போனார்கள் என்று கேட்டார்கள் உறவினர்கள். அழைத்து வந்தவர்கள் மீது வழக்கு, அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம், அரசு அமைத்த விசாரணை. இன்னொரு பக்கம், சமூக ஊடகங்களில் செத்துப்போன பெண்களைப் பார்த்தே சிலர் கேட்டார்கள், உங்களுக்கு இந்த மலையில் என்ன வேலை என்று. பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த சுதந்திரத்தின் பலன் என்று எழுதியவர்களும் உண்டு. பெருங்காமநல்லூரில் கேட்ட அதே குரல்தான் இது, உடை மட்டும் மாறியிருக்கிறது. மலை ஏற அந்தப் பெண்கள் எடுத்த முடிவில் ஒரு குறையும் இல்லை. மார்ச் மாதத்தில் அந்தப் புல் எப்படி எரியும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தப் பக்கம் ஓடக் கூடாது என்ற தகவல் அவர்கள் கையில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. தெரியாமல் எடுக்கிற முடிவை முழுச் சுதந்திரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தகவலைக் கையில் வைத்திருப்பவர்தான் அங்கே முடிவெடுப்பவர்.

அன்று முதலில் மேலே ஏறியவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை. குரங்கணியிலும் சுற்றிலும் இருந்த ஊர்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்கு எந்த உத்தரவும் வரவில்லை, கடமை என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. போர்வையில் கட்டியும் தோளில் போட்டும் இருட்டில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் மறுநாள் பெரும்பணி செய்தன, அதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருந்திருந்தாலும் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க முடியாத ஆட்கள் போனார்கள். முடிவும் அவர்களுடையது, தோள்வலியும் அவர்களுடையது. என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்று இரவு அந்த மலையில் முழுச் சுதந்திரத்தோடு இருந்தவர்கள் அவர்கள்தாம்.

இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. அதே ஆட்களின் ஊர்களில் சிலவற்றுக்கு இன்றும் சரியான சாலை இல்லை. முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்று கொட்டகுடி ஊராட்சியின் மேல்பகுதிக் குடியிருப்புகளில் நோயாளியைத் தூக்கிச் சுமந்துதான் இறக்க வேண்டியிருக்கிறது. இங்கிருந்து மூணாறு மலைக்கு, டாப் ஸ்டேஷன் வரை கம்பிவட ஊர்தி இழுத்துத் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கிய காலம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த மேல் ரயில்பாதை 1924 வெள்ளத்தோடு போனது. தேயிலைக்கு நூறு ஆண்டுக்கு முன் கிடைத்த வசதி, பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது, 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாடும் செய்தது. நல்ல ஏற்பாடு, வழிகாட்டிகளாக உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கிடைக்கிறது. நகரத்திலிருந்து வருபவர் காட்டில் நடக்கும் சுதந்திரத்துக்கு வழி பிறந்துவிட்டது. அங்கேயே பிறந்தவர்கள் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனுக்கள் எந்தெந்த மேசையில் நிற்கின்றன என்று யாராவது ஒரு மாணவர் எடுத்துப் பார்த்தால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

அமைப்பாளர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தோட்டக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, உங்கள் தோட்டத்துக்கு வரும் ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை வண்டிக்காரரிடம் விடாதீர்கள். வாடகையைத் தலைக்கணக்கில் கொடுக்காமல் நடைக்கணக்கில் கொடுங்கள், மீறினால் வாடகை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தெந்தத் தோட்டம் கையெழுத்துப் போட்டது என்ற பட்டியலை முந்தல் சாவடிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்கலாம். இரண்டு, ஏலத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு சாக்கோடும் கடைசியாக எந்த மருந்து, எந்தத் தேதியில் அடித்தது என்ற சீட்டு ஒன்று போகட்டும், அடித்தவர் பெயரும் உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். கிடங்கில் காயைக் கலக்கும்போது அந்தச் சீட்டுகளை என்ன செய்வது என்று வியாபாரிகள் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும். கேள்வி நேரத்தில் முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.